ஊட்டிக்குப் போன மார்கழி

எங்கள் குப்பத்தில் ஊர் சுற்றிப் பார்க்கவென்று யாரும் எங்கும் போனதில்லை. கோயிலுக்குப் போவோம், கல்யாணத்துக்குப் போவோம், சாவுக்குப் போவோம். ஓர் ஊரைப் பார்ப்பதற்காகவே அந்த ஊருக்குப் போவது வெள்ளைக்காரர்களும் வக்கீல் வீட்டுக்காரர்களும் செய்கிற காரியம் என்றுதான் நினைத்திருந்தோம். அப்படியிருந்தும் நானும் என் புருஷனும் ஒரு மார்கழி மாதம் ஊட்டிக்குப் போனோம். காரணம், அவர் ஒரு மேஸ்திரியின் தோளில் கொக்கியை இறக்கிவிட்டார்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஓட்டு வீடு. மாமனார் வயசுக் காலத்தில் கடலுக்குப் போனவர். முழங்கால் இரண்டும் போய், பீடி பிடித்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். நாத்தனார் புருஷனைக் கடலில் இழந்தவள். தலையில் மீன் கூடையோடு தண்டையார்பேட்டைத் தெருக்களைச் சுற்றி வருவாள். என் புருஷன் மட்டும் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனார். மூட்டையைக் குத்தி இழுக்க அங்கே எல்லார் கையிலும் ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். கட்டைவிரல் தடிமன், மீன் தூண்டிலைப் பெரிதாக்கினாற்போல.

அன்று கோதுமை மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. இவர்களோடு வேலை செய்த ஒரு வயசானவர் மூட்டையோடு பலகையில் வழுக்கி விழுந்தார். மூட்டை கிழிந்து கோதுமை சிதறிவிட்டது. மேஸ்திரி வந்து அந்த ஆளை எழுப்பவில்லை. இடுப்பில் உதைத்தார். எழுந்திருக்க முயன்றபோது மறுபடி உதைத்தார். மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கியபோது என் புருஷன் கையிலிருந்த கொக்கி மேஸ்திரியின் தோளில் இருந்தது. எப்படிப் போனது என்று அவருக்கே தெரியாதாம். எலும்பில் மாட்டிக்கொண்ட கொக்கியை எடுக்க இரண்டு பேர் மேஸ்திரியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சட்டையெல்லாம் ரத்தமாக என் புருஷன் வீட்டுக்குள் வந்தபோது நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய ரத்தம் என்று நினைத்து அலறிவிட்டேன்.

"எனுது இல்ல," என்றார். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து சோறு கேட்டார்.

மேஸ்திரி போலீசுக்குப் போகவில்லை. அவருக்கு இரண்டு தம்பிகள் இருந்தார்கள். மதுவிலக்குக் காலத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் சாராயம் ஓட்டிப் பிழைத்தவர்கள். இடுப்பில் சைக்கிள் செயின் சுற்றியிருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஓட்டின்மேல் முதல் சோடா பாட்டில் வந்து விழுந்தது. கோலி சோடா பாட்டில் உடைகிற சத்தம் வெடி வெடிக்கிற மாதிரி இருக்கும். ஓடு உடைந்து கண்ணாடியும் சில்லுமாகச் சோற்றுப் பானைக்குள் கொட்டியது.

கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். எந்த ஊருக்குப் போவது என்று என் வாழ்க்கையில் நடந்த முதல் ஆலோசனை அதுதான்.

"பத்து பாஞ்சு நாளு அவனுங்க கண்ல படாம இரு," என்றார் மாமனார். "அதுக்குள்ள ஊர்ப் பஞ்சாயத்துல பேசி முட்ச்சிர்றேன்."

"நா இன்னாத்துக்கு ஓடணும்? வரட்டும்."

"வந்தா நீ சாவே," என்றாள் நாத்தனார். "நீ செத்தா இவ இன்னா பண்ணுவா? என்னிய மாதிரி கூடைய தூக்கினு போவாளா?"

வெளியே இன்னொரு பாட்டில் சுவரில் உடைந்தது. மாமனார் பீடியைப் பற்றவைத்தார்.

பழவேற்காட்டில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. அதனாலேயே அது வேண்டாம் என்றாயிற்று. தேடுகிறவன் முதலில் அங்கேதான் வருவான். மகாபலிபுரம் போகலாம், அங்கேயும் கடல் இருக்கிறது, கல்லில் செதுக்கின யானையெல்லாம் பார்க்கலாம் என்றார் என் புருஷன். காலையில் கிளம்பினால் சாயங்காலம் வந்து வெட்டிவிட்டுப் போய்விடுவான் என்றாள் நாத்தனார். அவளுக்கு வேளாங்கண்ணி மேல் ஆசை. ஆனால் எங்கள் தெருவிலிருந்தே அந்த வாரம் இரண்டு குடும்பம் அங்கே புறப்பட்டுக்கொண்டிருந்தது. திருப்பதி என்று மாமனார் ஆரம்பித்தபோது நானே குறுக்கிட்டேன். மார்கழியில் பாதி ராயபுரம் திருப்பதியில்தான் இருக்கும். மேஸ்திரி வீட்டிலும் பிழைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருப்பார்கள்.

"ஊட்டிக்குப் போலாம்," என்றேன்.

என் தாய்மாமன் அங்கே ஒரு துரையின் பங்களாவில் பட்லராக இருந்தார். துரை கோடையில் இரண்டு மாசம்தான் வருவார். மற்ற நாளெல்லாம் பங்களா பூட்டிக்கிடக்கும், மாமா மட்டும் பின்கட்டு அறையில் காவல் இருப்பார். என் கல்யாணத்துக்கு வந்தபோது, புருஷனோடு ஒரு தடவை வந்து பாரு என்று சொல்லியிருந்தார்.

"குளுரு காலத்துல குளுரு ஊருக்கு எவனாவது போவானா?" என்றார் என் புருஷன்.

"எவனும் போமாட்டான். அதான் சொல்றேன்."

மாமனார் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். "இவ சொல்றதுதான் சரி," என்றார். முடிவாகிவிட்டது.

தம்பிகள் இருவரும் தெருமுனையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். என் புருஷனை வெளியே கொண்டுபோவது எப்படி என்று ஒரு நாள் முழுக்க யோசித்தோம். மறுநாள் எங்கள் பின்தெருவில் ஒரு கிழவர் செத்துப்போனார். மத்தியானம் மேளத்தோடு பாடை கிளம்பியது. என் புருஷன் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, அந்தப் பாடைக்கு ஒரு தோள் கொடுத்து, தம்பிகளுக்கு முன்னாலேயே நடந்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போனார். பிணத்தைச் சுமக்கிறவனை யாரும் முகம் பார்க்க மாட்டார்கள். நான் ரிக்ஷாவில் துணி மூட்டையோடு அம்மா வீட்டுக்குப் போகிறவள்போல வேறு வழியில் போனேன். சென்ட்ரலில் அவர் வந்து சேர்ந்தபோது மேலெல்லாம் பொரியும் பூவும் ஒட்டியிருந்தது.

ரயிலில் கதவோரம் உட்கார்ந்தவர், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்களை ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தார். மடியில் துணிக்குள் அந்தக் கொக்கி இருந்தது. எதற்கு அதைக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன்.

"சும்மா."

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் குழந்தைக்குக் குரங்கையும் அருவியையும் காட்டிக்கொண்டே வந்தாள். நான் அந்தக் குழந்தையோடு சேர்ந்து பார்த்தேன். மேலே போகப் போகக் காற்று மாறியது. எங்கள் ஊரில் காற்று என்றால் உப்பும் மீனும் கரிப்புகையும். இங்கே காற்றில் ஒன்றுமே இல்லை, வெறும் குளிர். மூக்குக்குள் கத்தி போகிற மாதிரி இருந்தது.

சென்ட்ரலில் நாங்கள் அடித்த தந்தியைப் பார்த்து மாமா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். எங்களைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம். உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊர் பார்க்க வந்தோம் என்றே சொன்னேன். மாமா அதை நம்பி, துரை வீட்டு விருந்தாளிகளுக்குப் போடுகிற மாதிரி எங்களுக்கும் ஒரு திட்டம் போட்டார்.

"நாளைக்கி பூந்தோட்டம். மறுநாளு லேக்கு. அதுக்கு மறுநாளு தொட்டபெட்டா, வெள்ளன போயிடணும், இல்லாட்டி மேகம் மூடிக்கும். செவ்வாக்கெழம சந்த. வர்க்கி பிஸ்கோத்து வாங்கித் தரேன், டீயில நனச்சி சாப்டணும்."

துரையின் பழைய கம்பளிக் கோட்டு ஒன்றை என் புருஷனுக்குக் கொடுத்தார். கை நீளமாக இருந்தது. கொக்கி அந்தக் கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

மறுநாள் மழைத்தூறல் நிற்காததால் தோட்டத்துக்குப் போகவில்லை. அறையில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே தைல மரத்திலிருந்து பட்டை உரிந்து விழுந்தால்கூட அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ராயபுரத்தில் பாட்டில் விழுந்தபோது இல்லாத பயம் அங்கே வந்திருந்தது. எதிரி கண்ணுக்குத் தெரிந்தவரைக்கும் தைரியமாக இருந்தவர், எதிரியே இல்லாத ஊரில் எல்லாரையும் எதிரியாகப் பார்த்தார்.

அதற்கு மறுநாள் வெயில் வந்தது. மாமா ஏரிக்கு வழி சொல்லி அனுப்பினார். நாங்கள் இருவரும் மட்டும் போனோம். மார்கழியில் வெளியூர்க்காரர்கள் யாருமில்லை. கடையெல்லாம் பாதி மூடியிருந்தது. ஏரிக்கரையில் மூன்று படகைக் கவிழ்த்துவைத்து, துடுப்புகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தண்ணீர் கறுப்பாக, அலையே இல்லாமல் கிடந்தது. இவ்வளவு தண்ணீர் சும்மா இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். கையை விட்டுப் பார்த்தேன், விரல் மரத்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவரைக் கூப்பிடத் திரும்பினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த ஓர் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைச் சுற்றி மப்ளர், தடித்த உடம்பு, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற நடை. மேஸ்திரியின் சின்னத் தம்பிக்கும் இடது கால் இழுக்கும்.

"கடைத்தெருவுலேந்து பின்னாலயே வர்றான்," என்றார்.

"யோவ், அது வேற யாரோ."

நான் சொல்லி முடிக்கவில்லை. அவர் சாய்த்து வைத்திருந்த ஒரு துடுப்பை எடுத்துவிட்டார். கடலுக்குப் போகாவிட்டாலும் துடுப்பு பிடித்து வளர்ந்த கை. முதல் அடி அந்த ஆளின் தோளில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அந்த ஆள் கத்தக்கூட இல்லை, ஆச்சரியப்பட்ட முகத்தோடு உட்கார்ந்தார். இரண்டாவது அடி வாயில். ரத்தமும் பல்லும் புல்லில் விழுந்தன. மப்ளர் அவிழ்ந்து முகம் தெரிந்தது. ஐம்பது வயசு இருக்கும், நரைத்த மீசை. என் புருஷன் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டும் துடுப்பை ஓங்கினார்.

அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு முன்னால் அடித்ததெல்லாம் ஆள் தெரியாமல் என்று சொல்லலாம். இந்த மூன்றாவது ஓங்கல் தெரிந்தே.

நான் ஓடிப்போய் அவர் கையைக் கடித்தேன். பல் எலும்பில் முட்டும்வரை கடித்தேன். அவர் துடுப்பை விட்டுவிட்டு அந்தக் கையாலேயே என் கன்னத்தில் அறைந்தார். அறை என்று சொல்லக்கூடாது, முஷ்டி. நான் மல்லாந்து விழுந்தேன். வாய்க்குள் ஏதோ சரளைக்கல் போல உருண்டது. துப்பிப் பார்த்தேன், என் கடைவாய்ப்பல்லில் பாதி.

அதற்குள் ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். அடிபட்டவர் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மண்டிக்கு அன்று வாரலீவு என்பதால் அவரும் எங்களைப்போல ஏரியைப் பார்க்கத்தான் நடந்து வந்திருக்கிறார். ஓடி வந்தவர்களில் பாதிப்பேர் அதே மண்டி ஆட்கள். என் புருஷனை ஒரு தைல மரத்தில் கயிற்றால் கட்டினார்கள். பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் அடித்தார்கள். அவசரமில்லாமல், மூட்டை இறக்குகிற மாதிரி முறை வைத்து அடித்தார்கள். கோட்டுப் பையிலிருந்து கொக்கி விழுந்தபோது ஒருவன் அதை எடுத்துக்கொண்டு அவர் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

"இத எதுக்குடா கொண்டாந்தே? கொல்றதுக்கா?"

நான் குறுக்கே போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். புல்லில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில அடிகள் விழுந்தபோது எனக்கு வருத்தமாகவே இல்லை. கொக்கி வெளியே வந்த பிறகுதான் எழுந்தேன்.

யாரோ போய்ச் சொல்லி மாமா மூச்சிரைக்க வந்தார். போலீசுக்கு ஆள் அனுப்பப்போனார்கள். மாமா அவர்கள் காலில் விழுந்தார். போலீஸ் வந்தால், துரைக்குச் சொல்லாமல் பங்களாவில் ஆளை வைத்தது தெரிந்து அவர் வேலையும் போய்விடும். நான் அப்போதுதான் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரி, பாட்டில், பாடை எல்லாம். மண்டி ஆட்களும் சுற்றி நின்று கேட்டார்கள். மூட்டையோடு விழுந்த கிழவரை மேஸ்திரி உதைத்த இடம் வந்தபோது ஒருவன் மட்டும் தலையை ஆட்டினான்.

அவர்களில் மூத்தவர் ஒருவர் அடிபட்டவர் பக்கத்தில் குனிந்து ரொம்ப நேரம் பேசினார். பிறகு வந்து சொன்னார்:

"ஏனுங், இவரு காறெலும்பு முறிஞ்சுபோச்சு. மூட்ட தூக்காம இவரு வூட்ல அடுப்பு எரியாது. இந்தாளு மூட்ட தூக்கறவன்தானுங்களே? இவரு கை சேர்ற வரைக்கும் இவரு எடத்துல நின்னு தூக்கட்டும். கூலி அந்த வூட்டுக்குப் போகட்டும். ஓடுனா மலையெறங்க முடியாது, சொல்லிப்போட்டேன்."

கட்டை அவிழ்த்தார்கள். என் புருஷன் கால் மடங்கி விழுந்தார். ஒரு கண் மூடிவிட்டது.

அன்று சாயங்காலம் வெந்நீர் வைத்து அவர் காயங்களைத் துடைத்தேன். என் கன்னமும் வீங்கி ஒரு பக்கம் வாய் திறக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கணப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உன்ன அடிக்கணும்னு இல்லமே. கை தானா வந்துட்ச்சு."

"தானா வராது. நீ அனுப்பிச்சுதான் வந்துச்சு."

"கண்ணு மூடிக்கிச்சு எனுக்கு."

"தொறந்துதான் இருந்துச்சு. அந்தாளு மூஞ்ச பாத்துட்டுத்தான் ஓங்கினே. நா பாத்தேன்."

அவர் அழுதார். நான் துணியைப் பிழிந்து வைத்துவிட்டு, மாமா சமையல் செய்கிற இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலிருந்து அவர் மண்டிக்குப் போனார். உடம்பெல்லாம் வீங்கியிருந்தது. முதல் இரண்டு நாள் அவர் முதுகில் மூட்டையை வேண்டுமென்றே தூக்கிப் போட்டார்களாம். ஒரு தடவை குப்புற விழுந்தாராம். யாரும் எழுப்பவில்லை, யாரும் உதைக்கவும் இல்லை, அவராக எழுந்தாராம். ஒரு மாசத்துக்கு மேல் அங்கே தூக்கினார்.

நான் அடிபட்டவர் வீட்டுக்குக் கஞ்சியும் ரசமும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் சம்சாரம் கதவைத் திறந்து பாத்திரத்தை வாங்கி, என் காலடியிலேயே கவிழ்த்தாள். கொதிக்கிற ரசம் பாதத்தில் தெறித்தது. கதவை மூடிவிட்டாள். மறுநாளும் போனேன். பாத்திரத்தை வாங்கவில்லை, கவிழ்க்கவும் இல்லை. மூன்றாம் நாள் என் கன்னத்தை உற்றுப் பார்த்து, "அவனா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். உள்ளே போய், துவைக்கக் கிடந்த துணிகளை என் முன்னால் கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் தொட்டால் கை வெட்டுகிற குளிரில் அவள் வீட்டுத் துணியெல்லாம் துவைத்தேன். அதற்குப் பிறகு தினமும் போனேன். எங்களுக்குள் சிநேகம் என்று ஒன்றும் வரவில்லை. ஆனால் வெந்நீர் கலந்து வைத்திருப்பாள்.

மத்தியானங்களில் மாமா என்னைத் தனியாகவே ஊர் பார்க்கக் கூட்டிப்போனார். அவர் போட்ட திட்டத்தை விடவில்லை. பூந்தோட்டத்தில் பூ அதிகமில்லை. ஆனால் பெரிய புல்வெளி, ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் எழுதின தகரம். மாமா எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினார். ஒரு விடியற்காலையில் என்னை எழுப்பி வாசலுக்குக் கூட்டிப்போனார். புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. உப்பளத்தில் உப்பு பூத்த மாதிரி. காலை வைத்தால் நறநறவென்று உடைந்தது. குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தேன், தண்ணீராகிவிட்டது. மாமா சிரித்தார். நானும் சிரித்தேன், கன்னம் வலித்தது.

தொட்டபெட்டாவுக்கும் போனோம். அவ்வளவு உயரத்தில் நின்றுகொண்டு கீழே மேகத்தைப் பார்த்தபோது, என் புருஷன் அந்த நேரம் மூட்டையின் கீழே குனிந்துகொண்டிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தும் எனக்குச் சந்தோஷம் குறையவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வர்க்கியை டீயில் நனைத்து, நல்ல பக்கத்துப் பல்லால் மென்று தின்றேன்.

பொங்கல் நெருங்கும்போது மாமனார் யாரையோ வைத்து எழுதின கடிதம் வந்தது. தம்பிகள் ஒரு நாள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார்கள். மாமனாரைக் கீழே தள்ளி மிதித்ததில் விலா எலும்பு இரண்டு போய்விட்டது. நாத்தனார் மீன் அரிகிற அரிவாள்மணையைப் பலகையோடு தூக்கி வீசியதில் பெரிய தம்பிக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்துவிட்டது. அதன் பிறகுதான் பஞ்சாயத்து கூடியது. மேஸ்திரி பிழைத்துவிட்டார். இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தியாயிற்று, இதோடு விட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி, அவர்களும் சரியென்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். நீங்கள் வரலாம். நாங்கள் இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் இருக்கிறோம், டோல்கேட்டில் இறங்கி நடந்து வரவும் என்று எழுதியிருந்தது.

கடிதத்தை மாமா வாசிக்க, என் புருஷன் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவை மிதித்த இடத்தில் எழுந்து வெளியே போனார். கையில் ஏதாவது எடுக்கிறாரா என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒன்றும் எடுக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அடிபட்டவர் கட்டைப் பிரித்து, கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டின அன்றைக்குத்தான் மண்டியில் எங்களை விட்டார்கள். கொக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் புருஷன் வாங்கவில்லை.

டோல்கேட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியது பட்டப்பகலில். கடைகள், கைவண்டிகள், நல்ல கூட்டம். நாலடி நடந்திருக்க மாட்டோம். தம்பிகள் இருவரும் எதிரே நின்றார்கள். பெரியவன் கையில் கட்டுப் போட்டிருந்தான். சின்னவன் கையில் இரும்புக் குழாய்.

"சூடம் அணைச்சீங்களே," என்றேன்.

"அது இவன் அப்பன் கெழவனுக்கு. இவனுக்கு இல்ல," என்றான் சின்னவன்.

என் புருஷன் மூட்டையைக் கீழே வைத்தார். என்னைத் தனக்குப் பின்னால் தள்ளினார். "இவ மேல கை வெக்காதே. என்னிய இன்னா வோணா பண்ணிக்கோ," என்றார். முதல் அடிக்கு வலது கையைத் தூக்கித் தலையைக் காத்துக்கொண்டார். கை தொங்கிவிட்டது. அதற்குப் பிறகு காத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. குழாய் முதுகில் விழுந்தது, தொடையில் விழுந்தது. கூட்டம் வட்டம் கட்டிப் பார்த்தது.

ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் என் பக்கத்தில் இருந்தது. கையில் அடங்குகிற கல்லாக எடுத்து எறிந்தேன். முதல் கல் எங்கோ போனது. இரண்டாவது சின்னவன் புருவத்தில் பட்டது. ரத்தம் கண்ணில் வழிந்து அவன் குழாயைக் கீழே போட்டான். மூன்றாவது கல்லை எடுத்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தேன். கிட்டப் போய்த் தலையில் போடத்தான் போனேன். கீழே விழுந்து கிடந்த என் புருஷன் இடது கையால் என் புடவையைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம்மே. உட்ரு. போதும்."

கல்லை அவன் தலையில் போடவில்லை. தம்பிகள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் பக்கம் வரவில்லை.

நாட்டு வைத்தியர் மூங்கில் வைத்துக் கட்டியும் அந்தக் கை கோணலாகவே சேர்ந்தது. மூட்டை தூக்க முடியாமல் போய், தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்குக்குக் காவல்காரராகப் போனார். மாமனார் அந்த விலா வலியோடு இன்னும் மூன்று வருஷம் இருந்தார். நான் நாத்தனாரோடு சேர்ந்து கூடை தூக்கினேன். அவள் அன்றைக்கு எதைப் பற்றிப் பயந்தாளோ அது நடந்தது. ஆனால் அவள் பயந்த அளவுக்கு அது மோசமாக இல்லை.

அவர் என்னை மறுபடி அடிக்கவே இல்லை என்று எழுத ஆசை. அது பொய். மூத்த பிள்ளைக்கு மூன்று வயசாகும்போது, குழம்பில் உப்பு என்ற ஒன்றுமில்லாத விஷயத்துக்கு, கோணல் கையால் அடித்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளித் தனியாகக் குடிபோயிருந்த நாத்தனார் வீட்டுக்குப் போனேன். நாலு மாசம் திரும்பவில்லை. தினமும் சாயங்காலம் வேலைக்குப் போகும்முன் வந்து வாசலில் நிற்பார். கூடப்பிறந்த தம்பி என்றும் பார்க்காமல் அவள் ஒரு நாள்கூட உள்ளே விடவில்லை. "கைய வூட்ல வெச்சிட்டு வா, அப்பால பாக்கலாம்," என்பாள். ஐந்தாவது மாசம் நானாகத்தான் போனேன். பானை கழுவாமல் கிடந்தது. அவர் எழுந்து நின்றார், என்ன செய்வது என்று தெரியாமல் எனக்கு மணைக்குப் பதிலாக முறத்தை எடுத்து உட்காரக் கொடுத்தார். அதற்குப் பிறகு வாய்ச்சண்டைதான். நிறையப் போட்டோம், தெருவே கேட்கும்படி.